முதல் முறை முகாம் போகும் குடும்பமா? பையில் முதல் இடம் மழைக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இந்தத் தடவை ஆத்தோரம் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கலாமா?" பிள்ளைகள் குதிப்பார்கள். அம்மா பட்டியல் எழுதத் தொடங்குவார். புறப்படும் நாளில் காரின் பின்பகுதியில் பெரிய பானை, அரிசிப் பை, நாலைந்து தலையணை, பாட்டுப் பெட்டி, பூப்பந்து மட்டை எல்லாம் ஏறியிருக்கும். இரவு பத்து மணிக்கு மழை கொட்டும்போதுதான் தெரியும், மேலே கட்டத் தார்ப்பாய் இல்லை, இருப்பது ஒரே கைவிளக்கு, எல்லாருடைய மாற்றுத்துணியும் ஒரே பையில் நனைந்து கிடக்கிறது என்று.

முதல் முறை போகிறவர்கள் செய்யும் தவறு குறைவாக எடுத்துப் போவதல்ல. வீட்டையே தூக்கிக்கொண்டு போய், தேவையான நாலைந்து பொருள்களை விட்டுவிடுவதுதான். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பலவும் குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதப்பட்டவை. கம்பளிக் குல்லாவும் தடித்த உறங்கும் பையும் அங்கே உயிர் காக்கும். நம் நாட்டில் குளிர் பெரிய பிரச்சினை இல்லை, தண்ணீர்தான் பிரச்சினை. அது மேலிருந்து மழையாக வரும், தரையிலிருந்து ஈரமாக ஏறும், ஆற்றில் வெள்ளமாக இறங்கும். எனவே ஒவ்வொரு பொருளையும் பையில் வைக்கும் முன் ஒரு கேள்வி போதும்: மழை பெய்தால் இது உதவுமா, உபத்திரவமா?

பைக்கு முன்னால் இடம்

2022 டிசம்பர் 16, பள்ளி விடுமுறைக் காலம். பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தவர்கள் கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த அதிகாலை நேரத்தில் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. பிள்ளைகள் உட்பட 31 பேர் மாண்டனர். அந்த இடத்தில் முகாம் நடத்த உரிமம் இல்லை என்பது பிறகு தெரியவந்தது. அன்று கூடாரத்துக்குள் இருந்த எந்தப் பொருளும் யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் ஏற்பாடு.

முன்பதிவு செய்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முகாம் நடத்த உரிமம் இருக்கிறதா என்பதை நடத்துநரிடம் நேரடியாகக் கேட்கலாம், அந்த வட்டார ஊராட்சி மன்றத்திலும் விசாரிக்கலாம். காட்டுப் பூங்காக்கள் என்றால் மாநில வனத்துறையிடம் அனுமதி தேவையா என்று கேட்க வேண்டும். கூடாரம் போடும் இடம் சரிவின் அடிவாரத்திலோ, வெட்டிச் சமப்படுத்திய மண்மேட்டின் கீழோ இருக்கக்கூடாது. மூன்றாவது, ஆறு. தண்ணீருக்குப் பக்கத்தில் மணல்திட்டில் கூடாரம் போட்டால் படம் அழகாக வரும். ஆனால் இரவில் ஆறு ஏறினால் முதலில் போவது அந்தத் திட்டுதான்.

சுங்கை சொங்காக், உலு பெண்டுல், லாத்தா கிஞ்சாங் என்று நம் குடும்பங்கள் காலங்காலமாகக் குளிக்கப் போகும் இடங்கள் பல. மலையிலிருந்து இறங்கும் இப்படிப்பட்ட ஆறுகள் எல்லாவற்றிலும் மலாயில் 'கெப்பாலா ஆயேர்' எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கெடா, யான் வட்டாரத்தில் குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய வெள்ளம் உயிர்களைப் பறித்தது. குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேற்பக்கம் இரைச்சல் கேட்பது, பாறை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்குவது, இவை அடையாளங்கள். கண்டவுடன் பொருள்களை எடுக்க நிற்காமல் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏற வேண்டும்.

கிழக்குக்கரை மாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது அந்தப் பக்கம் முதல் முகாம் வேண்டாம். மேற்குக்கரையில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிப் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது வழக்கம். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மை சுவாச்சா' செயலியைக் கைப்பேசியில் இறக்கி, முதல் நாளும் புறப்படும் காலையும் பார்க்க வேண்டும். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூடாரமும் தார்ப்பாயும்

'நால்வர் கூடாரம்' என்று பெட்டியில் எழுதியிருந்தால், நால்வர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று பொருள். பைகளுக்கு அதில் இடமில்லை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் ஆறு பேருக்கான கூடாரம் வசதி. முதல் தடவையே வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல முகாம்களில் வாடகைக்குக் கிடைக்கும், உறவினரிடம் இரவல் கேட்கலாம்.

வாங்குவதாக இருந்தால் மேலே தனி மழைத்திரை உள்ளதாகப் பார்க்க வேண்டும். அந்தத் திரை கூடாரத்தின் உச்சியை மட்டும் மூடாமல் பக்கவாட்டிலும் கீழே வரை இறங்க வேண்டும். அதற்கும் மேல் ஒரு பெரிய தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டினால் தண்ணீர் ஓடிவிடும். தட்டையாகக் கட்டினால் நடுவில் குளம்போல் தேங்கி, பாரம் தாங்காமல் கயிறு அறுந்து விழும். கல்யாண வீட்டுப் பந்தல் கட்டிப் பழகிய சித்தப்பாமார்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது மழைநீரை வாங்கிக் கூடாரத்தின் அடியிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஓரத்தை உள்பக்கம் மடித்துவிட வேண்டும். கூடுதலாக இருபது மீட்டர் கயிறு, சிறு சுத்தியல், தரையில் அடிக்கும் ஆணிகள் நாலைந்து எடுத்துப்போகலாம். ஆணியைச் செங்குத்தாக அடிக்காமல், தலைப்பகுதி கூடாரத்துக்கு வெளிப்பக்கம் சாயும்படி அடித்தால் பிடிப்பு அதிகம்.

துணியைப் பிரித்துக் கட்டுங்கள்

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், மறுநாள் வரை காயாது. விளையாட்டுச் சட்டைபோல் சீக்கிரம் காயும் துணிகள் நல்லது. எல்லாருடைய துணியையும் ஒரே பெரிய பையில் போடாமல், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு செட்டாகப் பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்ட வேண்டும். அதில் ஒரு செட் தூங்குவதற்கு மட்டும். பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் அதைப் பகலில் பிரிக்கக்கூடாது. எது நனைந்தாலும் இரவில் உலர்ந்த உடம்போடு படுத்துவிட்டால் காலையில் எல்லாரும் சிரித்த முகத்தோடு எழுவார்கள்.

தாழ்நிலக் காடுகளில் இரவுக்கு மெல்லிய போர்வையோ கைலியோ போதும். கேமரன் மலை போன்ற உயரமான இடங்களுக்கு மட்டும் குளிராடை வேண்டும். தலையணைகளை வீட்டில் விடலாம். துணிப் பைக்குள் துண்டைச் சுருட்டி வைத்தால் அதுவே தலையணை. இடத்தை அடைக்கும் தலையணைகளுக்குப் பதில் முதுகுக்கு அடியில் போடும் தடித்த பாயை எடுங்கள், ஏனென்றால் தூக்கத்தைக் கெடுப்பது தரையின் ஈரமும் கல்லும்தான்.

ஆளுக்கு ஒரு விளக்கு

நெற்றியில் கட்டும் விளக்கைப் புதுப் பொருள்போல் கடைகளில் விற்கிறார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதல்ல. இருட்டோடு பால்மரம் வெட்டப் போனவர்கள் நெற்றியில் விளக்கும் இடுப்பில் கொசுவத்தியுமாகத்தான் போனார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்ற அதே காரணம் இங்கும் பொருந்தும். நள்ளிரவில் பிள்ளையைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போகும்போது கைப்பேசி வெளிச்சம் உதவாது, அதன் மின்கலம் அவசர அழைப்புக்குத் தேவை. ஆளுக்கு ஒரு விளக்கு, கூடுதல் மின்கலம், ஒரு பவர் பேங்க் கட்டாயம்.

சாப்பாடும் அடுப்பும்

முதல் முகாமில் விருந்து வேண்டாம். முதல் வேளைச் சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போகலாம். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதால், காலையில் கட்டிய பிரியாணியை இரவுக்கு வைத்திருக்கக்கூடாது. இரவுக்கு மீ, முட்டை, ரொட்டி, டின் மீன், நெத்திலிச் சம்பல் போதும். கோழியையும் மீனையும் வீட்டிலேயே கழுவி, மசாலா தடவி, உறையவைத்து ஐஸ் பெட்டியில் எடுத்துப்போனால் அங்கே கத்தியும் பலகையும் குப்பையும் மிச்சம். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைக்கலாம். ஆற்றுநீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும் அப்படியே குடிக்கக்கூடாது.

படுக்கும் முன் உணவையும் குப்பையையும் காருக்குள் பூட்டிவிட வேண்டும். குரங்குகளுக்குப் பகலும் காட்டுப்பன்றிக்கு இரவும் வேலை நேரம்.

மழை வந்தாலும் கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அணைந்ததுபோல் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளிவிடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடக்கூடும். சமையல் எப்போதும் தார்ப்பாயின் கீழ், திறந்தவெளியில்.

மருந்துப் பை

வீட்டில் நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர் இருந்தால், ஒரு நாள் பயணத்துக்கு மூன்று நாள் மருந்து எடுப்பது நல்லது. பாலம் உடைந்தாலோ சாலை மூடப்பட்டாலோ திரும்புவது தாமதமாகலாம். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், ஆனால் பனிக்கட்டியின் மேல் நேராக வைக்கக்கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. சர்க்கரை திடீரென இறங்கினால் கொடுக்க மிட்டாயோ இனிப்புப் பானமோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அம்மாவின் கைப்பையில் இருக்க வேண்டும், காரில் அல்ல.

இவற்றோடு காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி, கட்டுத்துணி, கிருமிநாசினி, கொசு விரட்டும் களிம்பு. காலில் புண் உள்ளவர்கள் ஆற்றில் இறங்காமல் இருப்பதே நல்லது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் ஈரமண்ணிலும் இருக்கும் கிருமி, புண் வழியாக உடலுக்குள் போய் லெப்டோஸ்பைரோசிஸ் நோயை உண்டாக்கும். வீடு திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு காய்ச்சலும் தலைவலியும் கெண்டைக்கால் வலியும் வந்தாலும், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஓடும்போது எடுக்கும் பை

எல்லாம் கட்டி முடித்த பிறகு, ஒரு சிறு முதுகுப்பை தனியாக வேண்டும். அடையாள அட்டைகள், மருந்து, ஒரு விளக்கு, பவர் பேங்க், தண்ணீர், ரொக்கம், விசில். இரவில் அது கூடாரத்தின் வாசலில் இருக்க வேண்டும். கார்ச் சாவி அதே பையில், கார் வெளியேறும் திசையைப் பார்த்தபடி. மழை வலுத்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் பையோடும் பிள்ளைகளோடும் கிளம்ப வேண்டும். கூடாரத்தை நாளை வாங்கிக்கொள்ளலாம்.

காட்டுக்குள் தொடர்பு கிடைக்காமல் போகலாம். எங்கே தங்குகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புகிறோம் என்பதை வீட்டிலிருக்கும் ஒருவருக்குப் புறப்படும் முன்பே அனுப்பிவிட வேண்டும். அவசர எண் 999.

வீட்டு வாசலில் ஓர் ஒத்திகை

புறப்படும் வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை வீட்டு முற்றத்திலோ பக்கத்துத் திடலிலோ கூடாரத்தைப் போட்டு, பத்து நிமிடம் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்க்கலாம். எங்கே ஒழுகுகிறது, எந்தக் கம்பி காணோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் உட்காரவைத்துக் கேட்கலாம். தோட்டத்து ஆற்றில் துணி துவைத்து, மழைமேகம் பார்த்து வேலைக்குப் போன தலைமுறை அது. ஆறு எப்போது கோபப்படும் என்பதை எந்தச் செயலியும் இல்லாமல் படித்தவர்கள். அந்த மாலைப்பொழுதில் அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டால், அது பாரமில்லாமல் முகாமுக்கு உடன் வரும்.