இடது ஓரத்துச் சக்கரம்

கும்பகோணத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகளுக்கு 49 கீ கொண்ட மிடி கீபோர்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெண் கீதமும் வாசிக்கிறாள், சினிமாப் பாட்டும் வாசிக்கிறாள். ஆனால் கீகளைத் தவிர வேறெதையும் தொடுவதே இல்லையாம். இடது ஓரத்தில் இரண்டு சக்கரங்கள், மேலே வரிசையாகத் திருகுகள், வலப்பக்கம் சதுரம் சதுரமாக ரப்பர் பட்டன்கள். இத்தனையும் எதற்கு, காசுக்குப் பிடித்த கேடா என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். கணினியோடு இணைப்பது, மென்பொருளில் ஒலியைத் தேர்ந்தெடுப்பது போன்றவை அந்தப் பெண்ணுக்கே தெரிந்திருக்கும். அதற்கு அடுத்த படியில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

மிடி கேபிளில் ஓடுவது ஒலி அல்ல, செய்தி. எந்தச் சேனல், எந்தக் கீ, எவ்வளவு வேகம் என்பதைச் சொல்ல மூன்று பைட்டுகள் போதும். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், அமெரிக்கத் தயாரிப்பான ப்ராஃபெட்-600 சிந்தசைசரும் ஜப்பானியத் தயாரிப்பான ஜூப்பிட்டர்-6 சிந்தசைசரும் ஒரே கேபிளில் பேசிக்கொண்டன. போட்டி நிறுவனங்களின் கருவிகள் அவை. ஒன்றில் வாசித்தால் மற்றொன்று ஒலித்தது. இதற்காகப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர்கள் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனத்தின் இக்குட்டாரோ காக்கேஹாஷியும். யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தட்டும் என்று மிடி தரத்தைத் திறந்து வைத்தார்கள். 2013-இல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

எவ்வளவு அழுத்தி வாசிக்கிறோம் என்பது கருவிக்கு எப்படித் தெரிகிறது? பெரும்பாலான கீபோர்டுகள் விரலின் பலத்தை அளப்பதே இல்லை. ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும் இரண்டு மின்தொடுப்புகள் இருக்கும். முதலாவதைத் தொட்ட நேரத்துக்கும் இரண்டாவதைத் தொட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, 1 முதல் 127 வரை ஒரு எண்ணைக் கருவி அனுப்புகிறது. வேகம் 0 என்று வந்தால் அந்த ஸ்வரத்தை நிறுத்து என்று பொருள். மெல்லிய விரல் கொண்ட குழந்தை எவ்வளவு வாசித்தும் ஒலி எழும்பவில்லை என்றால், அமைப்புகளில் 'வெலாசிட்டி கர்வ்' என்றிருப்பதை இலகுவான பக்கம் மாற்றிக் கொடுத்தாலே போதும். பிள்ளைக்குக் கை வரவில்லை என்று பெற்றோர் முடிவு கட்டிவிட்ட சில வீடுகளில் குறை இந்த ஒரு அமைப்பில்தான் இருந்திருக்கும்.

திருகுகளும் பெடல்களும் 'கன்ட்ரோல் சேஞ்ச்' என்னும் எண்ணிட்ட செய்திகளை அனுப்புகின்றன. 1 மாடுலேஷன், 7 ஒலியளவு, 11 எக்ஸ்பிரஷன், 64 சஸ்டெயின் பெடல். 7-ம் 11-ம் ஒரே வேலையைத்தானே செய்கின்றன என்று தோன்றும். ஆனால் 7 என்பது மற்ற கருவிகளோடு ஒப்பிட்டு இந்தக் கருவி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடும் அளவு. அந்த எல்லைக்குள் பாட்டின் பாவத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பது 11. வயலின் ஒலியோ புல்லாங்குழல் ஒலியோ வாசிப்பவர் ஒரு எக்ஸ்பிரஷன் பெடலை வாங்கி 11-இல் கட்டிவிட்டால், வில்லின் அழுத்தமும் மூச்சின் ஏற்ற இறக்கமும் கால் வழியாக வந்துவிடும். மென்பொருளில் 'மிடி லேர்ன்' கொடுத்துத் திருகைத் திருப்பினால் இணைப்பு தானாகவே அமைந்துவிடும். ஒரு ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் 'பேனிக்' என்ற பட்டனைத் தேடுங்கள். எல்லா ஸ்வரங்களையும் நிறுத்தச் சொல்லும் 123-ஆம் எண் செய்தியை அனுப்பும் வேலை பொதுவாக அதனுடையது.

டிரான்ஸ்போஸ் பற்றி மெல்லிசைக் குழுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடகி ஐந்து கட்டை என்றால் ஏழு அரைச்சுரம் ஏற்றிவிட்டு, ஒரு கட்டையில் கற்ற விரலமைப்பிலேயே வாசிக்கிறார்கள். மேடை நெருக்கடியில் அது சரிதான். கற்கும் காலத்தில் அதையே ஊன்றுகோலாக்கிக் கொள்வது நல்லதல்ல.

இனி, இடது ஓரம். இந்தக் கருவியில் ஆச்சரியம் ஒளிந்திருக்கும் இடம் அதுதான்.

இரண்டு சக்கரங்களில் ஒன்று, விட்டால் நடுவுக்குத் திரும்பும். அது பிட்ச் பெண்ட். மற்றது விட்ட இடத்திலேயே நிற்கும். அது மாடுலேஷன். மிடியின் பெரும்பாலான செய்திகளுக்கு 128 படிகள்தான். பிட்ச் பெண்டுக்கு மட்டும் 16,384 படிகள் ஒதுக்கினார்கள். நடு நிலைக்கு 8,192. ஒலியளவு படிப்படியாக ஏறினால் காது பொறுத்துக்கொள்ளும். சுருதி படிப்படியாக ஏறினால் உடனே கண்டுபிடித்துவிடும். அதனால்தான் இந்தத் தனிச் சலுகை.

ஆனால் சக்கரம் எவ்வளவு தூரம் சுருதியை இழுக்கும் என்பதைச் சக்கரம் முடிவு செய்வதில்லை. அது ஓர் எண்ணை மட்டும் அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு எவ்வளவு ஸ்வர தூரம் என்பதை ஒலி எழுப்பும் மென்பொருளில் 'பிட்ச் பெண்ட் ரேஞ்ச்' என்ற அமைப்பு சொல்கிறது. வழக்கமாக அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்றிருக்கும். கீபோர்டில் தேடிக் கிடைக்கவில்லை என்று கைவிட்டவர்கள் மென்பொருளில் தேட வேண்டும்.

அந்த இரண்டு அரைச்சுரம் நம் இசைக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கீழே சுத்த ரிஷபத்தின் பக்கமும் மேலே சுத்த மத்தியமத்தின் பக்கமும் அசைந்துதான் அது தோடியின் காந்தாரம் ஆகிறது. சாதாரண காந்தாரத்திலிருந்து ரிஷபம் இரண்டு அரைச்சுரம் கீழே, மத்தியமம் இரண்டு அரைச்சுரம் மேலே. ஆக, காந்தாரக் கீயை வலது கையால் பிடித்துக்கொண்டு இடது கையால் சக்கரத்தை அசைத்தால், தேவையான முழு வெளியும் சக்கரத்தின் இரு முனைகளுக்குள் அடங்கிவிடுகிறது. கலிபோர்னியாவிலும் ஜப்பானிலும் இருந்த பொறியாளர்கள் தோடியை நினைத்து அதை வைக்கவில்லை. ஆனாலும் வந்து பொருந்துகிறது.

வீணையோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் விளங்கும். வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும். இறக்க வேண்டுமென்றால் கீழ் மெட்டில் நின்றுகொண்டு மேலே இழுத்துவிட்டுத் தளர்த்த வேண்டும். சக்கரம் இரு பக்கமும் போகும். ஆனால் தந்தியை இழுக்கும்போது விரல் உணரும் விறைப்பு சக்கரத்தில் இல்லை. ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மட்டுமே துணை. மீதியைக் காதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய தையல் மிஷினில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு கை சக்கரத்தைத் தொட்டுக் கொடுக்க, மறு கை துணியை நகர்த்தும். இரண்டும் ஒரே எண்ணத்தில் ஓடினால்தான் தையல் நேராக விழும்.

பழகுவதற்கு வழி உண்டு. கைபேசியில் ஒரு டியூனர் செயலியைத் திறந்து வையுங்கள். ஸி கீயைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை முழுதும் மேலே தள்ளினால் டி வர வேண்டும். பிறகு பாதியில் நிறுத்தி ஸி ஷார்ப்பைப் பிடிக்கப் பழகுங்கள். கை பழகியதும் டியூனரை மூடிவிட்டு, தம்புரா செயலியின் ஒலியோடு செய்யுங்கள். அடுத்தது, கீயை அழுத்துவதற்கு முன்பே சக்கரத்தை மேலே தள்ளி வைத்துக்கொண்டு, ஸ்வரத்தை மேலிருந்து வழுக்கி இறங்கச் செய்வது. கீயை விட்டவுடன் சக்கரத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒலியின் வால் அடங்குவதற்குள் சக்கரம் நடுவுக்குத் திரும்பினால், முடிந்துபோன ஸ்வரம் கடைசியில் தடுமாறும். கமகம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ரேஞ்சைப் பன்னிரண்டுக்கு ஏற்றிவிட்டால் ஒரு ஸ்தாயி முழுக்க இழுக்கலாமே என்ற ஆசை வரும். சில மலிவான கீபோர்டுகள் 16,384 படிகளை முழுதாக அனுப்புவதில்லை, 128 படிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. அவற்றில் ரேஞ்ச் இரண்டு என்றால் ஒரு படிக்குச் சுமார் 3 சென்ட். காது பெரிதாகக் கண்டுகொள்ளாது. பன்னிரண்டு என்றால் ஒரு படிக்கு ஏறக்குறைய 19 சென்ட். அரைச்சுரமே 100 சென்ட்தான். வழுக்கலுக்குப் பதிலாகப் படிக்கட்டுதான் கேட்கும். நல்ல கீபோர்டிலும் ரேஞ்ச் பெரிதானால் சக்கரத்தின் மயிரிழை அசைவுக்குக்கூடச் சுருதி தாவும். இரண்டில் தொடங்குங்கள்.

மாடுலேஷன் சக்கரத்தைத் தள்ளினால் பல ஒலிகளில் ஒரு நடுக்கம் கேட்கும். அதைக் கமகம் என்று நினைத்து வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அது இயந்திரம் ஒரே சீரான வேகத்தில், ஒரே அளவில் ஆட்டும் ஆட்டம். தோடியின் காந்தாரத்துக்கும் பைரவியின் காந்தாரத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அந்த வித்தியாசம் இடது கையிலிருந்துதான் வர வேண்டும்.

பிட்ச் பெண்டின் பெரிய குறை, ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் அது சேர்த்தே வளைப்பது. கீழே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு மேலே காந்தாரத்தை அசைத்தால் ஷட்ஜமும் அசையும். இதற்கான தீர்வு 2018-இல் எம்பிஇ என்ற பெயரில் மிடி தரத்தில் சேர்ந்தது. ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சேனல், தனி வளைவு. 2020-இல் வந்த மிடி 2.0 ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே வளைக்கும் வசதியைத் தரத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. இதையெல்லாம் முந்திக்கொண்டு, இல்லினாயைச் சேர்ந்த லிப்போல்ட் ஹேக்கன் கீகளே இல்லாத, மென்மையான நீண்ட பரப்பு கொண்ட கன்டினுவம் கருவியை உருவாக்கியிருந்தார். விரலைப் பக்கவாட்டில் உருட்டினால் சுருதி வழுக்கும். 2009-இல் வந்த 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டில் ஏ. ஆர். ரஹ்மான் வாசிப்பது அந்தக் கருவியைத்தான்.

நிலைத்த ஸ்வரம் கொண்ட கருவிகள்மீது இந்த நாட்டுக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. ஸ்வரங்களுக்கு இடையே வழுக்க அதற்கு வராது என்பது முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. விலக்கு தளரத் தொடங்கியது 1971-இல். அந்தக் குற்றச்சாட்டுக்கு மிடி கீபோர்டு தன் இடது ஓரத்தில் பதில் வைத்திருக்கிறது. கச்சேரி மேடையில் கீபோர்டில் கர்னாடக இசை வாசிக்கும் கே. சத்யநாராயணன் போன்றவர்கள் அந்தப் பதிலைக் கேட்கும்படிக் காட்டியும் இருக்கிறார்கள்.

இருந்தும், ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் கீபோர்டு வகுப்புகள் பலவற்றில் பிள்ளைகள் கிரேடுத் தேர்வுக்கு இரண்டு கைகளையும் கீகளின் மேலேயே வைத்துப் பழகுகிறார்கள். தேர்வு கேட்காததை ஆசிரியர் சொல்லித்தருவதில்லை. ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை ஒரு கீர்த்தனையை வாசிக்கும்போது ஸ்வரங்கள் தனித்தனிக் கல்லாக விழுகின்றன, இந்தக் கருவியில் இவ்வளவுதான் முடியும் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு வகுப்பையாவது இடது கைக்கு ஒதுக்கலாம். சரளி வரிசையையே சக்கரத்தோடு வாசிக்கச் சொல்லலாம். மாயாமாளவகௌளையின் ரிஷபமும் தைவதமும் அதற்கு நல்ல தொடக்கம்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கீகளின் எண்ணிக்கையையும் பட்டன்களின் வெளிச்சத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். இடத்தை மிச்சப்படுத்தச் சில சிறிய மாடல்களில் சக்கரத்துக்குப் பதிலாகத் தொடுபட்டை வைத்துவிடுகிறார்கள். அதில் விரலுக்கு எதிர்ப்பே தெரியாது. கமகம் பழக நினைப்பவருக்கு அது உதவாது. 25 கீ மட்டுமே இருந்தாலும் பரவாயில்லை, ஸ்பிரிங் வைத்த உண்மையான சக்கரம் இருக்கிறதா என்று கடையில் தள்ளிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.