பொன்னேரி இரண்டு, மீஞ்சூர் ஒன்று

விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் ஒரே சர்வரிலுள்ள ஃபைல்களைத் திறக்க எஸ்எம்பி என்ற நெறிமுறை உதவுகிறது. ஐபிஎம்மில் பிறந்து மைக்ரோசாஃப்டில் வளர்ந்தது அது. லினக்ஸ் சர்வர் அதைப் பேசுவது சாம்பா என்ற மென்பொருளால். எழுதத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். எஸ், எம், பி மூன்றும் வரிசை மாறாமல் வரும் சொல்லைத் தேடி எடுத்து வைத்த பெயர்தான் சாம்பா.

நெறிமுறை ஒன்றானாலும் ஃபைல் பெயரை மூன்றும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு, விண்டோஸுக்கு ஒன்றே. கையேடுகள் அதிகம் எச்சரிப்பது இதைப் பற்றித்தான். அந்தப் பேதமே இல்லாத தமிழுக்குப் பள்ளம் வேறிடத்தில் இருக்கிறது.

மீஞ்சூர்ப் பக்கத்துத் தொழிற்கூடம் ஒன்றின் லினக்ஸ் சர்வரில், சரக்கு போகும் ஊர்வாரியாக ஃபோல்டர்கள் இருப்பதாகக் கொள்ளலாம். மீஞ்சூர், அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி மூன்றும் எந்தக் கணினியிலிருந்து வந்தாலும் தொல்லையில்லை. பொன்னேரியும் சோழவரமும் மட்டும் இரண்டிரண்டாக நிற்கக்கூடும். கண்ணுக்கு ஓர் எழுத்தும் மாறியிருக்காது. ஒன்றில் வைத்த பில் இன்னொன்றில் இருக்காது.

காரணம் கொம்பும் காலும். ‘பொ’வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடு ஒரே குறியீடாகவும் ஏற்கும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் ஏற்கும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயர்களை எப்போதும் பிரித்தே எழுதியது. 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை. ஆனால் பழைய வட்டிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி வழியே நகலான ஃபைல்கள் பிரிந்த பெயரோடே சர்வருக்கு வந்து சேரும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 வழக்கமாகப் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும்: சேர்ந்த பொன்னேரி 24 பைட், பிரிந்தது 27. ஆக இரண்டு ஊர். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளோடு ஔ என்ற எழுத்துக்கும் இதே கதி. கான்வ்எம்வி என்ற கருவி பிரிந்தவற்றைச் சேர்த்துவிடும். ஆர்சிங்கிலும் அதற்கொரு விருப்பத்தேர்வு உண்டு. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டப்பட்ட ‘பௌர்ணமி’யை மட்டும் இவற்றால் திருத்த முடியாது. அது எழுத்துப்பிழை.

தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 முறையில் ‘பொ’ ஒரே குறியீடு. அங்கே இந்தப் பிளவுக்கு இடமில்லை. அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் பொதுப் பயன்பாட்டில் வேரூன்றவில்லை.

நீளத்திலும் தமிழுக்கு இடம் குறைவு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 குறியீடுகள் வரை ஏற்கும். இஎக்ஸ்டி4 தருவதோ 255 பைட்; தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதால் 85-க்கு மேல் போகாது. மெய்யின் புள்ளியும் அதில் கணக்கு: ‘மீஞ்சூர்’ மட்டுமே எட்டு. கடிதத்தின் பொருள் வரியை அப்படியே ஃபைல் பெயராக்கும் அலுவலகங்களில் நகலெடுப்பு பாதியில் நிற்பது இதனால்தான்.

‘மி.வா.’ போலப் புள்ளியில் முடியும் சுருக்கப் பெயரும் விண்டோஸுக்கு ஆகாது. லினக்ஸில் அப்படி வைத்தால், சாம்பா அதை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குறும்பெயராக மாற்றிக் காட்டும்.

தொழிற்கூடங்களில் பழைய இயந்திரங்களோடு வந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்கு எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். 2017 மே மாத வான்னாக்ரை தாக்குதல் பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாக. 2019-இல் வந்த சாம்பா 4.11 அதை இயல்பாகவே அணைத்துவிட்டது. எக்ஸ்பிக்காக முதன்மைச் சர்வரில் அதைத் திறந்துவிடுவதைவிட, இடையில் தனி லினக்ஸ் கணினி ஒன்றை வைத்து, பழைய பதிப்பை அதற்கும் எக்ஸ்பிக்கும் இடையிலான ஒரு கேபிளோடு நிறுத்துவது நல்லது.