நோயுற்ற உயிரணுவின் மணம்: மூச்சுத்தொற்றை முன்கூட்டி அறிதல்

முன்னுரை

மயிலாடுதுறை மாவட்டக் குத்தாலம் போன்ற நெல் விளையும் ஊர்களில், அறுவடைத் தூசியால் வரும் இருமலும் தொற்றால் வரும் இருமலும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். இருமலுக்கு முன்னரே தொற்றை அறிய இயலுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

உயிரணு வெளியிடும் வாயுக்கள்

நச்சுயிரி புகுந்த உயிரணுவின் வளர்சிதை மாற்றம் திரிபடைகிறது. சவ்விலுள்ள கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதால் ஆல்டிஹைடு முதலிய ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் வெளிப்பட்டு மூச்சில் கலக்கின்றன. இன்ஃபுளுவென்சா தொற்றிய மனித உயிரணுக்கள் வெளியிடும் சேர்மங்கள் நச்சுயிரியின் வகைக்கேற்ப வேறுபடுவதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக (டேவிஸ்) ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர்.

நடைமுறைச் சான்றுகள்

2021 பிப்ரவரியில் இந்திய இராணுவம், வியர்வை, சிறுநீர் ஆகியவற்றின் மணத்தால் கொரோனாவை அறியப் பழக்கிய நாய்களை அறிமுகப்படுத்தியது. அவற்றுள் தமிழகத்துச் சிப்பிப்பாறை இனமும் இருந்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மூச்சிலுள்ள 5 சேர்மங்களை 3 நிமிடங்களுக்குள் ஆயும் கருவிக்கு அவசரகால அனுமதி அளித்தது. எனினும், தொற்று உண்டெனக் காட்டும் முடிவை மூலக்கூற்றுச் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும் என்றது.

முடிவுரை

மணம் தொற்றைச் சுட்டுமேயன்றி உறுதிசெய்யாது. உணவும் புகைப்பழக்கமும் சூழலும் மூச்சின் சேர்மங்களை மாற்றவல்லன. ஆகவே, பிற இடத்து மாதிரிகளால் வகுத்த அளவுகோலைக் குத்தாலத்து உழவர்க்கு அப்படியே பொருத்துதல் தகாது. நெல்தூசியிடையே உழைக்கும் நலமுற்றோரின் மூச்சே முதலில் அளக்கப்பட வேண்டும்.