வெளிப்பொருத்து மோட்டாரில் எண்ணெய்ப் பம்பை நீக்கிக் கலப்பு எரிபொருள் உபயோகித்தல்

தேவனாம்பட்டினம் கடலூர் நகரின் கிழக்கோரத்தில், கெடில நதி கடலோடு கலக்குமிடத்தை அடுத்துள்ள மீனவர் ஊராகும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையிலிருந்த கட்டுமரங்களையும் படகுகளையும் பெரிதும் அழித்தது. அதன் பின்னர் இக்கடற்கரையெங்கும் பைபர் படகுகள் பெருகின. அவற்றோடு மோட்டார்களும் பெருகின. படகின் பின்பலகையில் மாட்டப்படும் வெளிப்பொருத்து மோட்டார்களுள் சிறியவை பெரும்பாலும் எண்ணெய் கலந்த எரிபொருளையே ஏற்பவை. பெரியவை சிலவற்றில் எண்ணெயைத் தானே செலுத்தும் பம்பு அமைந்துள்ளது. அப்பம்பு பழுதுற்றால், அதைக் கழற்றியெறிந்துவிட்டு எண்ணெயைக் கையாற் கலந்துகொள்ளுமாறு மெக்கானிக்குகள் யோசனை கூறுவதுண்டு. இது செய்யத்தக்கதே. ஆயினும் அரைகுறையாகச் செய்தால் இயந்திரம் சில நிமிஷங்களிலேயே இறுகி நின்றுவிடும். நடுக்கடலில் அது நேருமாயின் ஆட்களின் உயிருக்கே அபாயமாகும். மோட்டார் கடலுக்குரியதாயினும், இங்குக் கூறப்படும் எண்ணெய் விதி வயலில் உபயோகமாகும் விசைத் தெளிப்பானுக்கும் பொருந்துமாதலால், நிலமுடையோரும் இதை அறிந்திருத்தல் நன்று.

எண்ணெய் வேண்டப்படும் காரணம்

மோட்டார் காரின் இயந்திரத்தில் அடிப்பாகத்திலுள்ள தொட்டியில் எண்ணெய் நின்று, மீண்டும் மீண்டும் சுற்றிவருகிறது. டூ-ஸ்ட்ரோக் என வழங்கும் இருவீச்சு இயந்திரத்தில் அத்தகைய தொட்டி கிடையாது. காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவி முதலில் அடியறைக்குள் நுழைந்து, பின்னரே சிலிண்டரை அடைகிறது. அடியறையிலுள்ள பேரிங்குகளுக்கும் சிலிண்டரில் உராயும் பிஸ்டனுக்கும் அவ்வாவியோடு வரும் எண்ணெயொன்றே காப்பு. அவ்வெண்ணெய் ஒருமுறை வந்து எரிந்து போவது. ஆகவே புதிய எண்ணெய் இடைவிடாது வந்துகொண்டிருத்தல் வேண்டும்.

பம்பின் நன்மையும் குறையும்

தானே எண்ணெய் செலுத்தும் பம்புகள் 1980-களில் வெளிப்பொருத்து மோட்டார்களிற் பரவலாயின. இயந்திரம் மெதுவாக ஓடும்போது குறைவாகவும், முழுவேகத்தில் ஓடும்போது மிகுதியாகவும் எண்ணெய் அளிப்பது இவற்றின் சிறப்பு. மெதுவாக ஓடுங்கால் 100 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் போதுமென்றால், 20 லிட்டருக்கு 200 மில்லிலிட்டரே செலவாகும். 50-க்கு ஒன்றாகக் கையாற் கலந்தாலோ எவ்வேகத்திலும் 400 மில்லிலிட்டர் செலவாகும். புகையும் மிகும், வலையிழுத்து மெதுவாக ஓடும் படகில் பிளக்குகள் விரைவில் கரியேறும்.

பம்பின் குறை யாதெனில், அது பழுதுற்றதை எச்சரிக்கை மணி அறிவித்தாலன்றி ஓட்டுபவர் அறியார். எண்ணெய்த் தொட்டியிற் புகுந்த நீர், குழாயில் விழுந்த கீறல், உள்ளே தங்கிய காற்று, தேய்ந்த பற்சக்கரம் ஆகிய எதுவும் எண்ணெயைத் தடுத்துவிடும். கலப்பு எரிபொருளிலோ, பெட்ரோல் செல்லுமிடமெல்லாம் எண்ணெயும் செல்லும். ஆனால் பம்பின் பொறுப்பு முழுவதும் கலப்பவர் கைக்கு மாறிவிடுகிறது.

நீக்குமுன் அறியவேண்டுவன

முதலாவது, இயந்திரத்தின் வகையை அறிதல் வேண்டும். கார்புரேட்டர் உடைய இருவீச்சு இயந்திரத்திற்கே இம்மாற்றம் உரியது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் வகையில் பெட்ரோல் அடியறைக்குள் செல்வதேயில்லை. அதில் எவ்வளவு எண்ணெய் கலந்தும் பேரிங்குகளுக்குப் பயனில்லை; பம்பை நீக்கினால் இயந்திரம் அழியும். நான்குவீச்சு இயந்திரத்திற்குத் தனி எண்ணெய்த் தொட்டி உண்டாதலால், அதன் பெட்ரோலில் எண்ணெய் கலத்தல் கூடாது.

இரண்டாவது, பழுது பம்பில்தான் உள்ளதாவென்று சோதித்தல் வேண்டும். 50-க்கு ஒன்று கலந்த எரிபொருளை இணைத்து, எண்ணெய்த் தொட்டியில் மட்டத்தைக் கோடிட்டு, சில மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். இருவழியாகவும் எண்ணெய் வருவதால் புகை மிகுமேயன்றிக் கேடில்லை. மட்டம் இறங்கினால் பம்பு வேலை செய்கிறது. மணியின் உணர்கருவியே பழுதாயிருக்கக்கூடும். மட்டம் இறங்காவிடில் பம்போ குழாயோ பழுது. சிலிண்டருக்கொரு குழாய் உள்ள வகையில் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே பார்த்தல் அவசியம். ஒன்று அடைபட்டிருந்தாலும் மொத்த மட்டம் இறங்கிக்கொண்டேயிருக்கும்.

மாற்றும் முறை

1. பம்பு இருக்கும்போதே கலப்பு எரிபொருளை இணைத்து, மோட்டாரை நீர்ப்பீப்பாயில் இறக்கிச் சிறிது நேரம் ஓட்டவேண்டும். குழாயிலும் வடிகட்டியிலும் கார்புரேட்டரிலும் தங்கிய வெறும் பெட்ரோல் முற்றும் தீர்ந்து கலப்பு வந்துசேர்ந்த பின்னரே பம்பைத் தொடலாம். இப்படியைத் தவறவிட்டு, முதல் ஓட்டத்திலேயே இயந்திரத்தை இழக்க நேரிடும்.

2. பம்பையும் அதை வேகத்தோடு இணைக்கும் கம்பியையும் கழற்றி, அவ்விடத்தை உரிய தகடும் கேஸ்கெட்டும் இட்டு மூடவேண்டும். எண்ணெயின்றி வறண்டு சுழலும்படி பம்பை உள்ளேயே விட்டுவைத்தால் அது தேய்ந்து, துகள்கள் இயந்திரத்துட் செல்லக்கூடும். உட்பற்சக்கரத்தை எடுப்பதா, விடுவதா என்பது வகைக்கு வகை வேறுபடும்; கைப்புத்தகத்தின்படி நடக்க.

3. எண்ணெய் வந்து சேரும் சிறு முனைகள் யாவற்றையும் இறுக அடைக்கவேண்டும். ஒன்று திறந்திருப்பினும் அதன்வழி காற்றுப் புகுந்து பெட்ரோல் குறைந்த கலவையாகும். அச்சிலிண்டர் சூடேறிப் பிஸ்டன் உருகும்.

4. எண்ணெய்ப் பம்பும் பெட்ரோல் பம்பும் ஒன்றாயமைந்த வகையில், தனிப் பெட்ரோல் பம்பொன்றை அதனிடத்தில் மாட்டவேண்டும்.

5. எண்ணெய்க் குறைவைக் காட்டும் கம்பியை மட்டுமே பிரிக்கவேண்டும். மிகுசூட்டை அறிவிப்பதும் பெரும்பாலும் அதே மணிதான். ஓசை தொல்லையென்று மணியையே வெட்டிவிடுதல் பெருந்தவறு.

6. எண்ணெய்த் தொட்டியின் வாயை மூடி, "பம்பு இல்லை, எண்ணெய் கலந்த பெட்ரோல் மட்டும்" என்று மோட்டாரின் மூடியிலும் பெட்ரோல் டாங்கிலும் அழியாத பெயிண்டினால் எழுதவேண்டும்.

கலக்கும் அளவு

50-க்கு ஒன்று என்பது லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். 5 லிட்டருக்கு 100, 10 லிட்டருக்கு 200, 25 லிட்டருக்கு 500 மில்லிலிட்டராகும். புதிதாகப் பிஸ்டன் மாற்றிய இயந்திரத்திற்குப் பழகுங்காலத்தில் 25-க்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 40 மில்லிலிட்டர் இடுவது பல வகைகளுக்கு வழக்கம். மண்ணெண்ணெயில் ஓடும்படி செய்யப்பட்டவற்றிற்கு அளவு வேறுபடலாமாதலால் கைப்புத்தகத்தைப் பார்க்கவேண்டும்.

பாதிப் பெட்ரோலை ஊற்றி, அளவுக்குவளையால் அளந்த எண்ணெயைச் சேர்த்து, நன்கு குலுக்கி, மிகுதிப் பெட்ரோலை ஊற்றுவதே முறை. மூடியளவும் கண்மதிப்பும் உதவா. எண்ணெயை அதிகமிடுவதும் காப்பன்று; பிளக் கரியேறுவதோடு, எண்ணெய் மிகுந்த அளவுக்குப் பெட்ரோல் குறைந்து இயந்திரம் சூடேறவுங்கூடும். எண்ணெய் டி.சி-டபிள்யு 3 என்று குறிக்கப்பட்டதாயிருத்தல் வேண்டும். இது நீரினாற் குளிரும் மோட்டாருக்கென, சாம்பல் தங்காதபடி செய்யப்பட்டது. ஸ்கூட்டர் எண்ணெய் இதற்கு ஈடாகாது.

எதனால் கலந்த பெட்ரோல்

2025-ஆம் ஆண்டில் இந்தியாவிற் பெட்ரோலில் 20 சதவிகிதம் எதனால் கலக்கும் இலக்கு எட்டப்பட்டது. வெளிப்பொருத்து மோட்டார் செய்வோர் பெரும்பாலும் 10 சதவிகிதத்துக்கு மேல் ஒப்புவதில்லை. எதனால் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாங்கில் நீர் மிகுந்தால் எதனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கும். எண்ணெயோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டாங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் மோட்டாருக்கு அப்போது கிடைப்பது எண்ணெயற்ற திரவமே. சரியாகக் கலந்தும் இயந்திரம் இறுகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆதலால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலப்பதும், நீர்பிரிக்கும் வடிகட்டி மாட்டுவதும், வடகிழக்குப் பருவமழையில் படகு கரையேறிக் கிடக்கும் நாட்களில் டாங்கை வடித்துவைப்பதும் அவசியம்.

கிராமத்தார் கவனத்திற்கு

வயலில் உபயோகிக்கும் இருவீச்சு விசைத் தெளிப்பானிலும் களைவெட்டும் கருவியிலும் பொதுவாக எண்ணெய்ப் பம்பு கிடையாது. கலப்பே அவற்றின் உயிர். பம்புசெட்டுக்கென வைத்த வெறும் பெட்ரோலை அவற்றில் ஊற்றிக் கெடுப்பதற்கு, இரண்டு டப்பாக்களும் ஒன்றுபோல் இருப்பதே காரணமாகிறது. கலப்புக்கெனத் தனி நிற டப்பா ஒன்றை ஒதுக்குதல் செலவில்லாத காப்பு.

வெள்ளக் காலத்தில் இக்கவனம் இன்னும் வேண்டப்படும். 2018 ஆகஸ்டு மாதக் கேரள வெள்ளத்தில் கடற்கரை மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று மக்களை மீட்டனர். கடலூர் வட்டாரமும் 2015-லும் 2024-லும் பெருவெள்ளங் கண்டது. அத்தகைய வேளையில் ஒருவர் மோட்டாரை மற்றொருவர் ஓட்டுவார். பெட்ரோல் வேறொருவர் கொணர்வார். பம்பு நீக்கப்பட்ட மோட்டாரில் வெறும் பெட்ரோல் விழுந்தால், ஆட்களை ஏற்றிய படகு வெள்ளத்தின் நடுவே நின்றுவிடும். ஆகவே கிராம அலுவலர்கள் படகுப் பட்டியல் எழுதும்போது, ஒவ்வொரு மோட்டாரும் கலப்பு ஏற்பதா, வெறும் பெட்ரோல் ஏற்பதா என்பதையும் எழுதிவைத்து, எரிபொருளோடு எண்ணெயையும் அளவுக்குவளையையும் சேர்த்தனுப்புதல் வேண்டும்.

பம்பு நல்ல நிலையிலிருப்பின் அதை நீக்கவேண்டியதில்லை. பழுதுற்று நீக்க நேரிட்டால் முழுவதும் நீக்கி, முனைகளை அடைத்து, எழுத்தால் அறிவித்து, அளந்து கலக்கவேண்டும். இவற்றுள் ஒன்றை விட்டாலும் மற்றவை செய்தும் பயனில்லை.