முள் கீழே இறங்கினால்

காலையில் ஸ்டார்ட் செய்தபோது ஆயில் பிரஷர் முள் நிமிர்ந்து நின்றது. நாற்பது கிலோமீட்டர் ஓடி ரயில்வே கேட்டில் நின்றதும் அதே முள் அடியில் படுத்துவிட்டது. பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய காட்சி இது. ‘இன்ஜின் போச்சு’ என்று அதற்குள் பயப்பட வேண்டாம். செலவில்லாத சோதனையில் தொடங்கி வரிசையாகப் போனால், பாதி நேரம் இன்ஜினைப் பிரிக்காமலேயே காரணம் தெரிந்துவிடும்.

முள் எதைக் காட்டுகிறது?

ஆயில் பம்ப் ஆயிலைத் தள்ள மட்டுமே செய்கிறது. அந்த ஆயில் போகும் வழி குறுகலாக இருப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடும்போது குழாயின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்துகிறோமே, அதே கதைதான். இன்ஜினில் அந்த விரலின் வேலையைச் செய்வது கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே தலைமுடிப் பருமனே உள்ள இடைவெளி. பேரிங் தேய்ந்தால் இடைவெளி அகலும், விரல் தளரும், முள் இறங்கும். ஆயில் சூடேறி நீர்த்துப் போனாலும் விளைவு அதேதான். சூடான இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது முள் ஓரளவு இறங்குவது இயல்பு.

எவ்வளவு இருக்க வேண்டும்? வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. அது கையில் இல்லையென்றால் மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ. அதாவது, சூடான இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது 30 பிஎஸ்ஐ இருந்தால் கவலையில்லை.

முதலில் டிப் ஸ்டிக்

சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். வளைவிலோ பிரேக் பிடிக்கும்போதோ மட்டும் முள் விழுந்தால், பெரும்பாலும் ஆயில் குறைந்திருக்கும். மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் நிரம்பி வழிந்தோ, பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தோ பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் பணம்தான் வீண்.

அடுத்து, மீட்டர் பொய் சொல்கிறதா?

முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து சட்டென்று எழுந்தால் ஒயரையோ சென்சாரையோ சந்தேகப்படலாம். மீட்டருக்குப் பதில் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டியில், இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, ஆயில் பிரஷர் ஸ்விட்சின் ஒயரைக் கழற்றுங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. அணைந்தால் ஒயர் சரி. ஸ்விட்ச் கெட்டிருக்கிறதா, பிரஷரே இல்லையா என்பதுதான் மிச்சக் கேள்வி. அதற்கு விடை சொல்வது மெக்கானிக்கிடம் உள்ள தனி மீட்டர். ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் அதை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலிலும் ஓட்ட வேகத்திலும் அளவைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த அளவு தெரியாமல் இன்ஜினைப் பிரிக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

அளவு உண்மையிலேயே குறைவு என்றால்

எப்போது குறைகிறது என்பதிலேயே துப்பு இருக்கிறது. குளிர்ந்த நிலையில் சரியாக இருந்து, சூடேறியதும் ஐடிலில் மட்டும் விழுந்து, வேகம் கூட்டினால் ஏறினால், ஆயில் நீர்த்திருக்கும் அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். எல்லா வேகத்திலும் குறைவு என்றால் பம்ப் தேய்ந்திருக்கலாம். அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். வேகம் கூட்டக் கூட்டக் குறைந்தால், ஆயில் சேம்பருக்குள் இருக்கும் சல்லடையில் கசடு அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் ரிலீஃப் வால்வை இன்ஜினைப் பிரிக்காமலேயே வெளியிலிருந்து கழற்றிவிடலாம். ஆகவே முதலில் அதைக் கழற்றித் துடைத்து, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் சேம்பரை இறக்க வேண்டும்.

கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறும்தான். ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தாலோ, ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தாலோ, ‘வீடு வரைக்கும் போயிடலாம்’ என்று நினைக்காமல் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். கிராங்கில் கீறல் விழுவதற்கு முன் பிடித்துவிட்டால் புது பேரிங் போட்டாலே போதும். கீறல் விழுந்துவிட்டால் இன்ஜினை முழுக்கப் பிரித்து, கிராங்கை லேத் பட்டறைக்கு அனுப்பிக் கிரைண்டிங் செய்ய வேண்டும். இரண்டுக்கும் இடையில் இருப்பது, வீடு வரைக்கும் ஓட்டிய அந்தச் சில கிலோமீட்டர்தான்.