பழைய கணினி ஏன் அடம் பிடிக்கிறது?

பால்வெட்டும் கத்தியால் செம்பனைக் குலையை இறக்க முடியுமா? நெகிரி செம்பிலானில் ரந்தாவ், பகாவ் பக்கத் தோட்டத்து மக்களைக் கேட்டால் சிரிப்பார்கள். கணினியிலும் அதே கதைதான்.

நாம் எழுதும் நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது ‘கம்பைலர்’. 1952-இல் கிரேஸ் ஹாப்பர் போட்ட பிள்ளையார் சுழி இது. ஆனால் செயலிக்குச் செயலி கட்டளை மொழி வேறு. 64-பிட் கணினிக்கென ஆக்கியது 32-பிட் கணினியில் ஓடாது. விண்டோஸ் 7-இல் பைத்தான் மொழி 3.8 பதிப்பு வரைதான், 3.9 ஏறாது.

யாரோ கொடுத்த பழைய கணினியோடு மல்லுக்கட்டும் தோட்டத்துப் பிள்ளை, ‘எனக்கு வராது’ என்று பாடத்தையே விட்டுவிடுகிறது. குறை பிள்ளையிடம் இல்லையே! ‘கம்ப்யூட்டர்’ படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘புரோப்பர்ட்டீஸ்’ பகுதியில் 32-ஆ, 64-ஆ என்று முதலில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ற பதிப்பை இறக்கினால் போதும்.