பார்த்துச் செய்வதில் வல்லவர் யார்?

தெமட்டகொடையிலிருந்து ஞாயிறு தோறும் எத்தனையோ குடும்பங்கள் தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குச் செல்கின்றன. அங்கே வாலில்லாக் குரங்கைக் கண்டதும், "மனிதரைப் பார்த்து அப்படியே செய்யும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அது முற்றும் சரிதானா?

2005ஆம் ஆண்டில் விக்டோரியா ஹோர்னர், அன்ட்ரூ வைற்றன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். பெட்டியொன்றினுள் பரிசுப் பொருள் இருந்தது. செய்து காட்டியவர் முதலில் மேல் துவாரத்தில் ஒரு கோலை விட்டுக் குத்தினார். பின்னர் முன்புறத் துவாரத்தின் வழியே பரிசை எடுத்தார். உட்புறம் தெரியாத பெட்டியில், ஆபிரிக்கச் சரணாலயத்துச் சிம்பன்சிகள் இரண்டையும் செய்தன. உட்புறம் தெரியும் பெட்டியிலோ, கோல் நடுத்தட்டில் வீணே முட்டுவதைக் கண்டு, பெரும்பாலும் அதை விடுத்து நேரே பரிசை எடுத்தன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் இரு பெட்டிகளிலும் வீண்செயலையும் விடாது செய்தனர்!

இதனாற் குழந்தைகள் அறிவிற் குறைந்தவர்கள் என்று கொள்ளலாகாது. காரணம் விளங்காதபோதும் மூத்தோரை நம்பிப் பின்பற்றுவதனாலன்றோ கோலமும் சமையலும் கைத்தொழிலும் தலைமுறை தலைமுறையாக வருகின்றன? ஆயின், அதே வழியில் நமது சினமும் கடுஞ்சொல்லும் பொய்யும் அவர்களைச் சென்றடையும்.

அடுத்த முறை அக்கூட்டின் முன் நிற்கும்போது, நம் கையைப் பற்றி நிற்கும் பிள்ளையையும் சற்றுக் குனிந்து நோக்குவோம். நம்மை அப்படியே பார்த்துச் செய்வது அப்பிள்ளையே.